ஆட்டம் பார்க்கும் நாளும் அவித்த பலகாரமும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

“அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழியை நாங்கள் ஐந்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். ஆனால் அதன் பொருள் எங்கள் தெருவிலேயே, ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே விளங்கும் என்று அன்று நினைக்கவில்லை. அந்த அனுபவத்தையும், அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட சமையல் விவரங்களையும் இக்கட்டுரையில் கூற விழைகிறோம். ‘நாங்கள்’ என்பது இராயபுரத்தில் ஒரே தெருவில் வசித்து, ஒரே பேருந்தில் பள்ளிக்கு வரும் ஐந்து தோழியர்.

எங்கள் வட சென்னை மக்களுக்கு விளையாட்டின் மீது உள்ள ஆசையைச் சொல்லி முடியாது. வியாசர்பாடியில் கால்பந்து, இராயபுரத்தில் குத்துச்சண்டை, சந்துக்குச் சந்து கேரம் பலகை என்று எங்கும் விளையாட்டுதான். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா, எங்களுக்குப் பக்கத்திலுள்ள புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்தவர்தாம். ஆட்டம் ஆடுகிறவர்கள் சிலர் என்றால், அதைக் கூடியிருந்து பார்க்கிறவர்கள் பலர். பெரிய ஆட்டம் என்றால், யார் வீட்டில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறதோ அந்த வீட்டில் தெருவே கூடிவிடும். கூட்டம் கூடினால் கொறிப்பதற்கு ஏதாவது வேண்டாமா? பொட்டலச் சிப்ஸ், பஜ்ஜி, பஃப்ஸ், வண்ண வண்ணக் குளிர்பானம். இவைதாம் வழக்கம்.

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. மகளிர் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின் இறுதி ஆட்டம். நவி மும்பையில் நம் இந்திய மகளிர் அணியும் தென்னாப்பிரிக்க அணியும் மோதும் நாள். 2005லும் 2017லும் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றுத் திரும்பிய அணி இம்முறையாவது வெல்லுமா என்று நாடே காத்திருந்தது. பெண்கள் ஆடும் ஆட்டம் என்பதால், “இந்த முறை பலகாரப் பொறுப்பு எங்களுடையது” என்று நாங்கள் ஐவரும் முன்வந்தோம். முப்பது பேருக்குச் செய்ய வேண்டும்.

ஏன் மாற்ற நினைத்தோம்?

எங்களுள் ஒருத்தியின் அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். வரிசையில் மணிக்கணக்கில் லாரியை நிறுத்திவிட்டு, கிடைத்ததைக் கிடைத்த நேரத்தில் உண்பவர். சில ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய். சென்ற கோடையில் காலில் ஏற்பட்ட சிறு புண் ஆற மூன்று மாதங்கள் ஆயின. அதிலிருந்து, தெருவில் எல்லோரும் கூடி ஆட்டம் பார்க்கும்போது தட்டு வருகிற நேரத்தில் அவர் மெல்ல எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். “காத்து வாங்கிட்டு வரேன்” என்பார். காற்றுக்காக அல்ல என்பது அவர் மகளுக்குத் தெரியும். நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை. அவள் சொன்ன பிறகுதான் அறிந்தோம்.

எங்களுள் இன்னொருத்திக்கு வேறு குறை. பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் அவளுடைய இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.8 கிராம் என்று வந்தது. எங்கள் வயதுப் பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறையக் கூடாது. இதில் அவள் தனியாள் அல்லள். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் இருபதுக்கு மேற்பட்டவர்கள் என்று பொருள்! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும், பிற்பகல் பாடவேளையில் கண் சொருகுவதையும் சோம்பல் என்று நாம் திட்டிக்கொள்கிறோம். பல வேளைகளில் அது சோம்பல் அன்று, இரத்தம் போதாமை.

ஆகவே, வாசலுக்குப் போகிற அப்பாவும், மூச்சு வாங்குகிற தோழியும் மற்றவர்களோடு உட்கார்ந்து உண்ணத்தக்க பலகாரம் எது என்பதே எங்கள் கேள்வி. நோயாளிக்குத் தனித்தட்டு வைப்பது எளிது. ஆனால் தனித்தட்டில் சேர்ந்து உண்ணும் மகிழ்ச்சி இல்லையே!

எண்ணெய்ச் சட்டியில் நடப்பது என்ன?

மனையியல் ஆசிரியை எங்களுக்கு விளக்கியதைச் சுருக்கித் தருகிறோம். மாவில் தோய்த்த வாழைக்காயைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டதும் ‘சொய்ங்’ என்று ஓசை வருகிறதல்லவா? அது பண்டத்திலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும் ஓசை. நீர் போன இடங்கள் சிறு சிறு துளைகளாகின்றன. ஆவி வேகமாக வெளியே வரும்வரை எண்ணெய் உள்ளே நுழைவது குறைவு. சட்டியிலிருந்து எடுத்து ஆற வைக்கும்போதுதான், உள்ளே ஆவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் அத்துளைகளுக்குள் உறிஞ்சப்படுகிறது. எண்ணெய் சரியாகக் காயாமல் போட்டாலும், சோடா மாவு அதிகம் சேர்த்தாலும் எண்ணெய் இன்னும் கூடுதலாக ஏறும்.

ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ தருவது 4 கலோரி. ஒரு கிராம் எண்ணெய் தருவது 9 கலோரி. ஆட்டம் பார்க்கும்போது நாம் செய்யும் வேலை என்ன? உட்கார்ந்திருப்பதும் கத்துவதும்தான்! செலவாகாத கலோரி உடம்பில் தங்கிவிடுகிறது.

எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுட வைப்பது அதைவிடத் தீது. காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைந்து, உடலுக்கு ஒவ்வாத பொருள்கள் அதில் சேர்கின்றன. இவற்றின் அளவு நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் போன எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்து, அது 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஆயாவின் கோபம்

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். மேற்சொன்னவற்றை ஒரு அட்டையில் எழுதி, எங்கள் தெரு முனையில் மாலைதோறும் பஜ்ஜி, வடை சுட்டு விற்கும் ஆயாவிடம் போய்ப் பெரிய மேதைகளைப்போல் படித்துக் காட்டினோம். “இந்த மேட்ச்சுக்கு உங்க பஜ்ஜி வேணாம் ஆயா, உடம்புக்குக் கெடுதல்” என்று ஒருத்தி சொல்லியும்விட்டாள்.

ஆயா கரண்டியைக் கீழே வைத்தார். “இன்னா கண்ணுங்களா, இம்மா வருசம் என் பஜ்ஜியைத் துன்னுட்டுத்தானே வளர்ந்தீங்க? இப்ப அது விசமாப் பூட்ச்சா?” என்றார்.

எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தச் சட்டியை வைத்துத்தான் அவர் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தார். பேரனைப் படிக்க வைக்கிறார். ஒரு பலகாரத்தைக் கெடுதல் என்று சொல்லும்போது, அதை விற்றுப் பிழைக்கும் ஒருவரையும் சேர்த்துச் சொல்கிறோம் என்பது எங்கள் அட்டையில் இல்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனோம். அப்போதுதான் ஆயாவுக்கு எங்களைவிட அதிகம் தெரியும் என்பதைக் கண்டோம். “எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, காயறதுக்கு முன்னாடியே புகை வுட்டா அது செத்த எண்ணெய். அத்த அடுத்த நாளுக்கு வெச்சிக்கினா வடை கசக்கும். அது எனக்குத் தெரியாதா?” என்றார். ஆணையத்தின் விதியை ஆயா படித்ததில்லை. ஆனால் கண்ணாலும் மூக்காலும் அறிந்திருந்தார். பிறகு அவரே, “சுண்டல்தானே? நான் சொல்லித் தரேன், வாங்க” என்று எங்களுக்கு ஆசிரியையும் ஆனார்.

நாங்கள் தேர்ந்தெடுத்த பண்டங்கள்

முதலாவது, கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். மெரினாவிலே தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல் உண்ணாத சென்னைவாசி உண்டோ? நமக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை. கடலையில் புரதமும் நார்ச்சத்தும் உண்டு. அதிலுள்ள மாவுச்சத்து மெல்ல மெல்லச் செரித்துச் சர்க்கரையாக மாறுவதால், மைதா, உருளைக்கிழங்கைப் போல இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று ஏற்றிவிடாது. 100 கிராம் கடலையில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச் சத்தும் இருக்கிறது. ஒரே பண்டத்தில் அப்பாவுக்கும் தோழிக்கும் விடை!

முப்பது பேருக்கு ஒரு கிலோ கடலை போதும். ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். முதல் ஒத்திகையில் நாங்கள் நான்கு மணி நேரமே ஊற வைத்தோம். வெளியே வெந்து, நடுவே கல்லாக இருந்தது. நீர் நடுப்பகுதி வரை போய்ச் சேர நேரம் வேண்டும். ஆகவே இரவே, எட்டு முதல் பத்து மணி நேரம் ஊற வைக்க வேண்டும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் குக்கரில் வேக வைக்க வேண்டும். புளிப்பை முதலிலேயே சேர்க்கக் கூடாது. புளிப்பு பட்டால் கடலை வேக மறுக்கும். தாளிக்க இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். முப்பது பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு ஒரு மில்லி! கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், இஞ்சி, பெருங்காயம். உப்பு நான்கு தேக்கரண்டி மட்டும். ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்பு உண்ணக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எங்கள் சுண்டலில் ஒருவருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே வருகிறது. குறைந்த உப்பு நாக்குக்குத் தெரியாமலிருக்க, மாங்காய்த் துருவலும் எலுமிச்சைச் சாறும் துணை செய்கின்றன.

எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பின்பே பிழிய வேண்டும். அதிலுள்ள வைட்டமின் ‘சி’ சூட்டில் அழியும். அந்த வைட்டமின்தான் கடலையின் இரும்புச் சத்தை நம் உடல் ஏற்றுக்கொள்ள உதவுகிறது. தேநீர் இதற்கு நேர்மாறு. உணவோடு சேர்த்துக் குடித்தால் இரும்பைத் தடுத்துவிடும். ஆட்டம் பார்க்கையில் சுண்டலும் டீயும் ஒன்றாக வருவதே வழக்கம். நாங்கள் டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தோம். முணுமுணுப்பு எழுந்தது, சமாளித்தோம்.

இரண்டாவது, முட்டை மசாலா. இது எங்கள் பகுதிக்கே உரிய பண்டம். பர்மாவில் 1962இல் இராணுவ ஆட்சி வந்த பின், அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் கப்பலேறித் தாயகம் திரும்பினர். அவர்களுள் பலர் வட சென்னையில் குடியேறினர். 1969இல் அவர்களுக்காகத் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவாயிற்று. அவர்கள் கொண்டுவந்த அத்தோ, மொய்ஞா, பேஜோ ஆகியவை இன்று கடற்கரை ரயில் நிலையத்தருகே தள்ளுவண்டிகளில் கிடைக்கின்றன. அத்தோ கடையில் தரும் முட்டை மசாலாவுக்குப் பொரிக்கும் வேலை இல்லை. வெந்த முட்டையை நடுவே கீறி, பொடியாக அரிந்த வெங்காயம், கொத்துமல்லி, வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், சிறிது உப்பு, பொட்டுக்கடலை மாவு, புளித் தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து உள்ளே அடைத்தால் முடிந்தது! கடையில் ஊற்றும் எண்ணெயைக் குறைத்து, பூண்டு வறுத்த எண்ணெயில் முட்டைக்கு அரைத் தேக்கரண்டி மட்டும் விட்டோம். முட்டையைப் பத்து நிமிடமாவது கொதிக்க விட வேண்டும். முட்டை அரைகுறையாக இருந்தால் கிருமி தங்கும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசை 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை செய்ததன் காரணமும் அதுவே.

மூன்றாவது, கேழ்வரகுப் பிடி கொழுக்கட்டை. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியதை நாம் அறிவோம். ஆனால் கேழ்வரகுக் கூழ் விற்கும் பாட்டிமார் எங்கள் தெருக்களில் அதற்கு முன்னரே இருந்தனர்! 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஒன்றரைக் கிலோ மாவில் அறுபது கொழுக்கட்டைகள் பிடிக்கலாம். ஆளுக்கு இரண்டு. மாவை வாசனை வரும்வரை வறுத்து, வெங்காயம், காரட், முருங்கைக்கீரை, பச்சை மிளகாய் வதக்கிச் சேர்த்து, கொதிக்கும் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளற வேண்டும். நாங்கள் முதலில் பச்சைத் தண்ணீரில் பிசைந்தோம். வெந்ததும் விண்டு விழுந்து, தின்றால் மணல்போல் இருந்தது. கோதுமைக்கு உள்ள பசைத்தன்மை கேழ்வரகுக்கு இல்லை. கொதிநீர் பட்டால்தான் அதன் மாவுச்சத்து வெந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கை பொறுக்கும் சூட்டில் பிடித்து, ஆவியில் பன்னிரண்டு நிமிடம் வேக வைத்தால் போதும்.

நான்காவது, எங்கள் தோழியின் அம்மா காசிமேட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த நெத்திலி. அவர் மீன் விற்பவர். மஞ்சள், மிளகு, பூண்டு, எலுமிச்சை தடவி, தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் தேய்த்து இருபுறமும் வாட்டினோம். நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்து முழுவதும் நமக்கே.

குடிப்பதற்கு நீர்மோர். இரண்டு லிட்டர் தயிருக்கு ஆறு லிட்டர் நீர். இஞ்சி, கறிவேப்பிலை, கொத்துமல்லி, சிறிது உப்பு. ஒரு 300 மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதை வீட்டில் டம்ளரில் அளந்து காட்டியபோது எங்கள் தம்பிமார்களே வாயைப் பிளந்தனர்.

செலவுக் கணக்கு: மீன் நீங்கலாக மொத்தம் 760 ரூபாய். ஆளுக்கு ஏறத்தாழ 25 ரூபாய். முந்தைய ஆட்டத்துக்குப் பொட்டலங்களும் பாட்டில்களும் வாங்கியபோது ஆனது 1,400 ரூபாய்.

மழை செய்த சோதனை

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். காலையில் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றி வந்த பின்பே அடுப்பைப் பற்ற வைத்தோம். மூன்று மணிக்கு ஆட்டம் என்பதால் இரண்டரை மணிக்கு எல்லாம் தயாராக வேண்டும் என்று திட்டம். ஆனால் நவி மும்பையில் மழை! ஆட்டம் ஐந்து மணிக்குத்தான் தொடங்கியது.

சமைத்த உணவு சாதாரண அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிருமிகள் பெருகத் தொடங்கும். அதிலும் தேங்காய் சேர்த்தது விரைவில் ஊசிப்போகும். “இன்னும் தாளிக்காதீங்க, அவிச்ச கடலை குளிர்பெட்டியிலே இருக்கட்டும், தேங்காயைக் கடைசியிலே போடலாம்” என்று ஆயா சொன்னது அன்று எங்களைக் காப்பாற்றியது. முட்டையைக் கீறாமல் ஓட்டோடு குளிரில் வைத்தோம். கொழுக்கட்டை மாவில் பாதியை மட்டும் பிடித்து, மீதியை இரு அணிகளும் மாறும் இடைவேளையில் பிடித்தோம். ஒரே தடவையில் எல்லாவற்றையும் செய்து குவிக்காமல், இரு தவணையாகச் செய்வது நல்லது என்பது அன்று நாங்கள் கற்ற பாடம்.

பரிமாறுவதிலும் ஒரு மாற்றம் செய்தோம். பலகாரத்தைச் செய்தித்தாளில் வைப்பதும் எண்ணெயை அதில் ஒற்றியெடுப்பதும் நம் வழக்கம். அச்சு மையிலுள்ள ஈயம் முதலியன சூட்டிலும் எண்ணெயிலும் உணவில் கலக்கும் என்பதால், அவ்வாறு செய்ய வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் எச்சரித்தது. பிளாஸ்டிக் தட்டும் கூடாது. ஆகவே மந்தாரை இலைத் தொன்னைகள் வாங்கினோம். தொன்னைக்கு இன்னொரு நன்மையும் உண்டு, அளவு தெரியும். பெரிய தட்டை நடுவில் வைத்தால் கண் திரையில் இருக்க, கை தட்டுக்கும் வாய்க்கும் போய்க்கொண்டே இருக்கும். எவ்வளவு தின்றோம் என்ற கணக்கே இராது.

முதல் தொன்னை வந்ததும், “இன்னா இது, அவிச்சதைத் துன்னுட்டா மேட்ச் பாக்கறது?” என்று பின்வரிசை அண்ணன் ஒருவர் கேலி செய்தார். ஷஃபாலி வர்மா 87 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழந்த நேரத்தில் அவர் மூன்றாவது தொன்னை கேட்டார். இல்லை என்று சொல்வதில் எங்களுக்குச் சற்றே மகிழ்ச்சி இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆயாவின் பஜ்ஜியும் அன்று இருந்தது. புதிய எண்ணெயில், சோடா மாவு இல்லாமல், ஆளுக்கு ஒன்றே ஒன்று. ஆண்டுக்குச் சில நாள்கள் வரும் கொண்டாட்டத்தில் ஒரு பஜ்ஜி யாரையும் கெடுத்துவிடாது. நாள்தோறும் நாலு பஜ்ஜி என்பதுதான் கெடுதல்.

இந்தியா 298 ஓட்டங்கள் எடுத்தது. தென்னாப்பிரிக்க அணித்தலைவி சதம் அடித்தபோது எங்கள் அறையில் பேச்சு மூச்சில்லை. பிறகு தீப்தி சர்மா ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்த, நள்ளிரவு நெருங்கும் வேளையில், 52 ஓட்டங்கள் வித்தியாசத்தில் நம் மகளிர் முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றனர்! தெருவெங்கும் வெடி; எங்கள் கண்களில் நீர்.

ஆனால் அன்று எங்களுக்குக் கிடைத்த வெற்றி அதற்கு முன்பே, ஏழு மணி சுமாருக்குக் கிடைத்துவிட்டது. தட்டு வரும் நேரம் அந்த அப்பா வழக்கம்போல் எழுந்தார். அவர் மகள் தொன்னையை நீட்டி, “அப்பா, இது உங்களுக்கும்தான்; எல்லாருக்கும் இதேதான்” என்றாள். அவர் தொன்னையைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்கள் கையிலும் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு முட்டையும் சாப்பிட்டார். கடைசி விக்கெட் விழும்வரை வாசலுக்குப் போகவில்லை.

பின்குறிப்பாகச் சில

சுண்டல் மருந்தன்று. அந்த அப்பா மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. அவருக்குச் சுண்டலும் கொழுக்கட்டையும் அளவோடுதான். எங்கள் தோழியும் மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வருகிறாள். உணவு துணை நிற்கும். சிகிச்சையின் இடத்தைப் பிடிக்காது. திருவள்ளுவரும் ‘மருந்து’ என்ற அதிகாரத்தில் நோய்க்குச் சிகிச்சையையும், அதற்கு முன்பே செரித்ததறிந்து அளவோடு உண்பதையும் சேர்த்தே கூறியிருப்பதை நாம் படித்திருக்கிறோம்.

ஆயாவின் கடையில் இப்போது பஜ்ஜிச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சுண்டல் குண்டானும் இருக்கிறது. எல்லா நாளும் விற்றுவிடுவதில்லை. மழை நாளில் எல்லோரும் பஜ்ஜியைத்தான் கேட்கிறார்கள். அதனால் நாள்தோறும் அரைக் கிலோ கடலை மட்டும் ஊற வைக்கிறார். பள்ளி விட்டு வரும்போது நாங்கள் ஐவரும் ஆளுக்கொரு தொன்னை வாங்குகிறோம். கெடுதல் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நல்லதைச் செய்கிறவரிடம் காசு கொடுத்து வாங்குவதல்லவா நம் கடமை!

அன்புத் தோழியரே! தாய்மார்களே! அடுத்த ஆட்டம் வரும், தெருவும் கூடும். அப்போது முதல்நாள் இரவே ஒரு கிலோ கடலையை ஊறப் போடுங்கள். கூட்டத்தில் யாராவது தட்டு வரும் நேரம் பார்த்து எழுந்து போகிறார்களா என்று சற்றுத் திரும்பிப் பாருங்கள். அவர்களையும் உட்கார வைக்கிற பலகாரமே நல்ல பலகாரம்.

எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்த மனையியல் ஆசிரியைக்கும், ஒத்திகைக்குப் பள்ளிச் சமையற்கூடத்தைத் திறந்துவிட்டு, மணல் கொழுக்கட்டையையும் முகம் சுளிக்காமல் உண்ட சிஸ்டருக்கும், முதலில் கோபித்துப் பின்பு கற்றுத் தந்த ஆயாவுக்கும் எங்கள் நன்றி உரித்தாகுக.